இன்ச் லேத்தில் மில்லிமீட்டர் வேலை: பட்டறைக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு இன்ச் 25.4 மில்லிமீட்டர். மிச்சம் மீதி இல்லாத, முழுத் துல்லியமான 25.4. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகள் 1959-இல் சேர்ந்து எடுத்த முடிவு அது. இந்தியா அதற்கும் முன்னால், 1956-இல், மெட்ரிக்குக்கு மாறச் சட்டம் போட்டுவிட்டது. ஆகக் காகிதத்தில் இந்தப் பிரச்சினை தீர்ந்து அறுபது வருடங்களுக்கு மேல் ஆகிறது.

பட்டறைக்குள் தீரவில்லை. இங்கிலாந்தில் செய்த பழைய லேத் (கடைசல் இயந்திரம்), அதைப் பார்த்து இங்கே வார்த்த லேத், லங்காஷயரிலிருந்து கோவை மில்களுக்கு வந்து இறங்கிய இயந்திரங்களின் உதிரிகள், போன மாதம் வாங்கிய மோட்டார் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடக்கின்றன. வரும் வரைபடமோ மில்லிமீட்டரில் இருக்கும்.

இதில் கணக்குப் போடுவதுதான் ஆகச் சின்ன வேலை. எதை மாற்றிக் கணக்கிடலாம், எதை மாற்றவே கூடாது, எது வெறும் பெயர் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். நீளத்தை மாற்றிக் கணக்கிடலாம். மரையை அப்படி மாற்ற முடியாது. 'அரை இன்ச் பைப்' என்பது பெயர் மட்டுமே. அந்தப் பைப்பின் வெளிவிட்டம் 21.3 மி.மீ., உள்விட்டம் தடிமனைப் பொறுத்து 15 முதல் 17 வரை. எங்கே அளந்தாலும் அரை இன்ச் வராது. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பும் இடத்தில்தான் மரை கெடுகிறது, பேரிங் சுற்றுகிறது.

படி 1: உங்கள் மெஷின் எந்த முறையில் ஓடுகிறது?

பெயர்த்தகட்டை நம்ப வேண்டாம். விற்றவர் சொன்னதையும் நம்ப வேண்டாம். பழைய லேத்தில் ஸ்க்ரூ ஒரு காலத்தில் மாற்றப்பட்டிருக்கும், டயல் மாற்றப்படாமல் இருக்கும். அல்லது தலைகீழாக இருக்கும். டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு, அதன் மேல் உள்ள காம்பவுண்ட் ஸ்லைடு, கடைசியில் உள்ள டெய்ல் ஸ்டாக், மரை வெட்டும்போது டூலை நீளவாக்கில் இழுக்கும் லீட் ஸ்க்ரூ நான்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கிராஸ் ஸ்லைடுக்கு மில்லிமீட்டர் டயல் கேஜ் ஒன்றைக் காந்த ஸ்டாண்டில் மாட்டி, முள் ஸ்லைடின் மேல் படும்படி வையுங்கள். கைப்பிடியை ஒரே திசையில் சுற்றி, ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையே உள்ள ஆட்டத்தை எடுத்துவிட்டு, டயலைச் சுழியில் வைத்து, சரியாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கேஜ் 2.54 காட்டினால் அது இன்ச்சுக்குப் பத்து மரை உள்ள ஸ்க்ரூ. 3.175 என்றால் எட்டு மரை. 5.08 என்றால் ஐந்து. நேராக 2.5, 3, 4, 5 என்று வந்தால் மெட்ரிக்.

2.54-க்கும் 2.5-க்கும் உள்ள வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஒரு சுற்றுக்கு மில்லிமீட்டரில் நூறில் நாலு பங்குதானே என்று விட்டால், ஐந்து சுற்றில் 0.2 மி.மீ. தள்ளிப் போகும். யாராவது இன்ச் ஸ்க்ரூவில் மெட்ரிக் டயலை மாட்டி வைத்திருந்தால் இந்தச் சோதனையில்தான் அகப்படும்.

அதே சமயம் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். டயலில் ஒரு கோடு நகர்த்தினால் ஸ்லைடு அவ்வளவே நகர்கிறதா, அதில் பாதி நகர்கிறதா? சில லேத்துகளில் டயல் நேரடியாக விட்டத்தைக் காட்டும். சிலவற்றில் ஒரு பக்கத்து வெட்டை மட்டும் காட்டும். இன்ச்சா மில்லிமீட்டரா என்ற குழப்பத்தோடு இந்தக் குழப்பமும் சேர்ந்தால் வேலை இரண்டு மடங்கு கெடும்.

லீட் ஸ்க்ரூவுக்கு வெர்னியர் போதும். ஒரு மரையின் விளிம்பிலிருந்து, அதற்குப் பத்து மரை தள்ளி உள்ள மரையின் அதே விளிம்பு வரை அளந்து பாருங்கள். 63.5 வந்தால் இன்ச்சுக்கு நாலு மரை. 60 வந்தால் 6 மி.மீ. பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம். 31.75 என்றால் எட்டு மரை. 30 என்றால் 3 மி.மீ. பிட்ச். ஒரே ஒரு மரையை அளந்து முடிவு செய்யாதீர்கள். தேய்ந்த ஸ்க்ரூ ஏமாற்றும்.

கண்டுபிடித்ததை அந்தந்த இடத்திலேயே பெயின்டில் எழுதிவிடுங்கள். 'ஒரு சுற்று 2.54, ஒரு பக்கம்' என்று கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்தால், நாளைக்கு வேறு ஆள் மெஷினில் நின்றாலும் கேட்க வேண்டியதில்லை.

படி 2: டயலை வாசிப்பதும் அளவை மாற்றுவதும்

ஒரு தௌ, அதாவது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மி.மீ. நாலு தௌ கிட்டத்தட்ட 0.1 மி.மீ.; நாற்பது தௌ கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். பெரிய வெட்டுகளுக்கு இந்த மனக்கணக்கு போதும். கடைசி வெட்டுக்குப் போதாது.

ஒரு உதாரணம். 6205 பேரிங் உட்கார 25 மி.மீ. ஷாஃப்ட் கடைய வேண்டும். வரைபடத்தில் கே6 என்ற பொருத்தக் குறி போட்டிருக்கிறது. அதாவது 25.002 முதல் 25.015 வரை. இன்ச்சுக்கு மாற்றினால் 0.98433 முதல் 0.98484 வரை. '0.984 வைத்துக்கொள்ளலாம்' என்று சுருக்கினால் கிடைப்பது 24.994 மி.மீ. பேரிங் வழுக்கிக்கொண்டு ஏறும்; கொஞ்ச நாளில் உள்வளையம் ஷாஃப்டின் மேல் சுற்ற ஆரம்பிக்கும். சரி, நாலு தசமம் வைத்து 0.9843 என்று போட்டால்? அது 25.0012. அதுவும் கீழெல்லைக்கு வெளியே. சரியான முறை, கீழெல்லையை மேலே தூக்குவது, மேலெல்லையைக் கீழே இறக்குவது: 0.9844 முதல் 0.9848 வரை. எல்லைகளைச் சுருக்கும்போது எப்போதும் உள்பக்கமாகச் சுருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த 'ஐந்துக்கு மேல் என்றால் கூட்டு' இங்கே உதவாது.

இதைவிட நல்ல வழி, முழு அளவை மாற்றாமல் இருப்பதுதான். கையில் மில்லிமீட்டர் மைக்ரோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். இறுதி அளவை எப்போதும் அதுவே சொல்லட்டும். இன்ச் டயல், மிச்சம் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதற்கு மட்டும். இப்போது 25.31 இருக்கிறது, 25.01 வேண்டும். எடுக்க வேண்டியது விட்டத்தில் 0.30, ஒரு பக்கத்தில் 0.15, டயலில் ஆறு தௌவுக்குக் கொஞ்சம் குறைவு. நாலு தௌ எடுத்து அளந்து, மிச்சத்தை மறுபடி கணக்கிடுங்கள். மாற்றும் எண் சின்னதாக இருந்தால் அதில் வரும் பிழையும் சின்னதாகவே இருக்கும்.

டிஜிட்டல் வெர்னியரில் மி.மீ./இன்ச் பொத்தான் ஒன்று இருக்கிறது. சட்டைப் பையில் போட்டு எடுத்தாலே அது அழுந்தும். திரையில் 0.5 என்று நின்றால் அது அரை மில்லிமீட்டரா, அரை இன்ச்சா? ஒவ்வொரு முறையும் தாடையைத் திறந்து, தெரிந்த ஒரு பொருளை அளந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

கையில் காசு இருந்தால் டி.ஆர்.ஓ., அதாவது நகர்வைத் திரையில் எண்ணாகக் காட்டும் டிஜிட்டல் ரீட்அவுட், மாட்டிவிடலாம். அதன் அளவுகோல் ஸ்லைடின் நகர்வையே நேராகப் படிக்கிறது. ஸ்க்ரூ இன்ச்சா மெட்ரிக்கா, எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. இந்தப் படியில் சொன்ன தலைவலி பெரும்பாலும் அதோடு போய்விடும். ஆனால் மரை வெட்டும் பிரச்சினையை அது தொடவே தொடாது.

படி 3: மரையை அடையாளம் காண்பது

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கையில் இருக்க வேண்டியவை: வெர்னியர், 60 டிகிரி மெட்ரிக் பிட்ச் கேஜ், 55 டிகிரி விட்வொர்த் பிட்ச் கேஜ். கேஜ் இரண்டும் வேண்டும்; ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது.

முதலில் வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள். அப்புறம் பிட்ச். கடைசியில் கேஜை மரையில் பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கோணத்தைப் பாருங்கள். வரிசையாகச் செய்தால் பெரும்பாலும் இரண்டாவது அளவிலேயே பதில் கிடைத்துவிடும்.

குழப்பம் தரும் ஜோடிகள் இவை. 'எம்' என்பது மெட்ரிக் மரையின் குறி, பின்னால் வருவது மில்லிமீட்டரில் விட்டம். எம்6-க்கு 6 மி.மீ., பிட்ச் 1. கால் இன்ச்சுக்கு 6.35, பிட்ச் 1.27. எம்8-க்குப் பிட்ச் 1.25, அதன் அருகில் உள்ள 5/16 இன்ச்சுக்கு 7.94 மி.மீ., பிட்ச் 1.41. எம்10-க்குப் பிட்ச் 1.5, ⅜ இன்ச், அதாவது பட்டறையில் மூணு நூல் (ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) என்று கேட்பது, 9.53 மி.மீ., பிட்ச் 1.59. எம்12-க்குப் பிட்ச் 1.75, அரை இன்ச் 12.7 மி.மீ.

இவற்றில் மோசமானது எம்10 நட்டும் மூணு நூல் போல்ட்டும். பிட்ச் வித்தியாசம் 0.09 மி.மீ. மட்டும். நட்டு விரலாலேயே சில சுற்று ஏறும். அப்புறம் இறுகும். 'நல்லா டைட் ஆயிடுச்சு' என்று ஸ்பேனர் போட்டால், இறுகியது மரைகள் ஒன்றையொன்று கடித்ததால்தான். போல்ட் எதையும் இழுத்துப் பிடிக்கவில்லை. எனவே ஒரு கட்டாய விதி: நட்டு முழு நீளமும் விரலால் ஓட வேண்டும். நடுவில் நின்றால் ஸ்பேனரை எடுக்காதீர்கள், கேஜை எடுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. அமெரிக்க 10-32 ஸ்க்ரூவின் விட்டம் 4.83 மி.மீ., பிட்ச் 0.794. எம்5-க்குப் பிட்ச் 0.8. பிட்ச் ஏறக்குறைய ஒன்று என்பதால் எம்5 ஓட்டையில் அது கடைசி வரை ஓடும், எங்கேயும் நிற்காது. ஆனால் விட்டம் குறைவு என்பதால் மரைகள் அரைகுறையாகத்தான் கவ்வும். கொஞ்சம் லொடலொடவென்று ஆடினால் அதைச் சந்தேகிக்க வேண்டும். 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸின் பி.ஏ.சி. ஒன்-லெவன் விமானம் ஒன்றின் முன் கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானியின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. கண்ணாடியை மாட்டிய 90 போல்ட்டுகளில் 84-இன் விட்டம் 0.026 இன்ச் குறைவாக இருந்தது. அங்கே மாட்ட வேண்டியதும் மாட்டியதும் இரண்டுமே இன்ச் போல்ட்டுகள்தான். ஆனாலும் 'ஓட்டைக்குள் போகிறது, ஆகவே சரி' என்ற எண்ணம் என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் உயிர் பிழைத்தார்கள் என்பது அதிர்ஷ்டம்.

இன்ச் என்று தெரிந்த பிறகும் வேலை முடிவதில்லை. எந்த இன்ச்? ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த மரைக்குக் கோணம் 55 டிகிரி, உச்சியும் அடியும் வளைவு. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் முன்வைத்தது 60 டிகிரி. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் உதிரிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 60 டிகிரியில் பொது மரைக்கு ஒப்புக்கொண்டன. யு.என்.சி., யு.என்.எஃப். என்று நாம் இன்று சொல்வது அதுதான்.

விட்வொர்த்துக்கும் யு.என்.சி.க்கும் பெரும்பாலான அளவுகளில் மரை எண்ணிக்கை ஒன்றே. கால் இன்ச்சுக்கு 20, மூணு நூலுக்கு 16, முக்கால் இன்ச்சுக்கு 10. அதனால் ஒன்றில் மற்றொன்று ஏறிவிடும். கோணம் மட்டும் இடிக்கும். சும்மா மூடி பிடிக்கிற இடத்தில் பரவாயில்லை. பளு தாங்கும் இடத்தில் கூடாது. அரை இன்ச்சில் மட்டும் எண்ணிக்கையும் வேறு: விட்வொர்த்துக்கு 12, யு.என்.சி.க்கு 13. அரை இன்ச் போல்ட் ஏற மறுத்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பழைய பிரிட்டிஷ் மின்சாதனங்களில் பி.ஏ. மரை வரும். அதில் 0 பி.ஏ.வுக்கு விட்டம் 6 மி.மீ., பிட்ச் 1 மி.மீ.; பார்த்தால் எம்6 போலவே இருக்கும். கோணம் மட்டும் 47½ டிகிரி.

பைப் மரை தனி உலகம். நாம் பயன்படுத்தும் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் பைப்) மரை 55 டிகிரி விட்வொர்த் வழி வந்தது. உலகமே மெட்ரிக் ஆன பிறகும் அது மட்டும் மாறவில்லை, ஐ.எஸ்.ஓ. தரத்துக்குள்ளும் அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது. அரை இன்ச் பி.எஸ்.பி.யின் வெளிவிட்டம் 20.955 மி.மீ., இன்ச்சுக்கு 14 மரை. ஒரு இன்ச்சுக்கு 33.249, மரை 11. இதை மெட்ரிக்குக்கு மாற்ற நினைக்கவே வேண்டாம். பெயரைச் சொல்லி வாங்குங்கள், அட்டவணையைப் பார்த்து வெட்டுங்கள்.

கெட்டுப்போன இன்ச் ஓட்டையை மெட்ரிக் ஆக்குவது அடிக்கடி வரும் வேலை. பக்கத்து அளவு டேப்பை அப்படியே ஓட்டுவதுதான் பலரும் செய்வது. மூணு நூல் ஓட்டையில் எம்10 டேப் போட்டால் என்ன ஆகும்? எம்10-க்கு டிரில் 8.5. பழைய மரையின் பள்ளம் 9.5 வரை போயிருக்கிறது. பழைய பள்ளத்தின் மேல் புதிய பள்ளம் குறுக்கே ஓடும். பிடிமானம் பாதிகூட இருக்காது. பழைய மரை முழுவதும் டிரில்லோடு போக வேண்டும். அப்படிப் பார்த்தால் கால் இன்ச் எம்8 ஆகலாம், டிரில் 6.8, 5/16 எம்10 ஆகலாம், டிரில் 8.5, மூணு நூல் எம்12 ஆகலாம், டிரில் 10.2. அரை இன்ச்சுக்கு எம்14 போதாது, அதன் டிரில் 12.0 மட்டும், எம்16-க்குத்தான் போக வேண்டும், டிரில் 14. அவ்வளவு சதை இல்லாத இடம் என்றால் ஹெலிகாயில் (மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) செருகி அதே இன்ச் அளவையே வைத்துக்கொள்வது உத்தமம். மெட்ரிக் டிரில் அளவு மறந்துபோனால் விட்டத்திலிருந்து பிட்சைக் கழித்துக்கொள்ளுங்கள்.

படி 4: இன்ச் லீட் ஸ்க்ரூவில் மெட்ரிக் மரை வெட்டுவது

இங்கேதான் 127 பல் கியர் வருகிறது. 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் 127. அது பகா எண் என்பதால் அதைவிடச் சின்ன கியரில் துல்லியமாக இந்த விகிதத்தைக் கொண்டுவர வழியில்லை.

சூத்திரம் இது: வெட்ட வேண்டிய பிட்சை மில்லிமீட்டரில் எடுத்து, லீட் ஸ்க்ரூவின் இன்ச்சுக்கான மரை எண்ணிக்கையால் பெருக்கி, ஐந்தால் பெருக்குங்கள். வருவது ஸ்பிண்டில் பக்கத்து ஓட்டும் கியர். லீட் ஸ்க்ரூ பக்கத்தில் 127. நாலு மரை லீட் ஸ்க்ரூவில் 1.5 பிட்ச் வேண்டும் என்றால் 1.5 × 4 × 5 = 30. ஆக 30 ஓட்ட, 127 ஓடும். 1.75-க்கு 35, 2-க்கு 40. எட்டு மரை லீட் ஸ்க்ரூ என்றால் 1.25-க்கு 50, 1.75-க்கு 70. இது கியர்பாக்ஸ் ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையில் உள்ள கணக்கு. லீவர் மூலம் விகிதத்தை மாற்றும் நார்ட்டன் கியர்பாக்ஸ் உள்ள லேத்தில் லீவர் நிலைக்கு ஏற்பப் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

மெட்ரிக் லேத்தில் இன்ச் மரை வெட்டும்போது 127 ஓட்டும் பக்கத்துக்குப் போகும். 6 மி.மீ. லீட் ஸ்க்ரூவில் இன்ச்சுக்கு 11 மரை வேண்டும், ஒரு இன்ச் பி.எஸ்.பி.க்கு. ஓட்டுபவை 127, 20. ஓடுபவை 110, 60. 14 மரைக்கு ஓட்டுபவை 127, 20. ஓடுபவை 70, 120.

127 பல் கியர் பெரியது. 1.5 மாட்யூலில் (மாட்யூல் என்பது மெட்ரிக்கில் பல்லின் அளவு) அதன் வெளிவிட்டம் 193.5 மி.மீ.; சின்ன லேத்தில் மாற்றுக் கியர்களைத் தாங்கும் குவாட்ரன்ட் மூடிக்குள் அடங்காது. அதற்காகப் பழைய ஆட்கள் வைத்திருந்த குறுக்கு வழி 63 பல் கியர். அதே 1.5 பிட்சுக்கு, நாலு மரை லீட் ஸ்க்ரூவில், ஓட்டுபவை 63, 30. ஓடுபவை 80, 100. கிடைக்கும் பிட்ச் 1.50019. எட்டாயிரத்தில் ஒரு பங்கு பிழை. 25 மி.மீ. நீளத்துக்கு மூன்று மைக்ரான். போல்ட், ஸ்டட், நட்டு வேலைக்கு இது பிழையே இல்லை. ஒரு மீட்டர் நீள லீட் ஸ்க்ரூ செய்யப் போகிறீர்கள் என்றால் 0.125 மி.மீ. தள்ளும், அங்கே 127 இல்லாமல் இறங்காதீர்கள்.

127 கியரை நாமே செய்துகொள்ளலாமே என்று தோன்றும். செய்யலாம். ஆனால் வட்டத்தைச் சம பங்குகளாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட்டோடு வரும் சாதாரண பிளேட்டுகளில் 127 பிரிக்க முடியாது. டிஃபரன்ஷியல் முறை வேண்டும். இன்னொரு பொறி, கியரின் பல்லே இன்ச்சாக இருப்பது. பழைய பிரிட்டிஷ் லேத்தின் கியர்கள் டி.பி. கணக்கில், அதாவது விட்டத்தில் ஒரு இன்ச்சுக்கு எத்தனை பல் என்ற கணக்கில், இருக்கும். 20 டி.பி. என்பது 1.27 மாட்யூல். 1.25 மாட்யூல் கட்டரில் வெட்டிய கியர் அதோடு சேர்ந்து சுற்றுவது போலத் தெரியும், சத்தம் போடும், பல்லைத் தின்னும். அழுத்தக் கோணமும் 14½ டிகிரியா 20 டிகிரியா என்று பார்த்தாக வேண்டும்.

கியர் மாட்டியாயிற்று. இனி வெட்டும் முறை:

1. டூலை வேலையின் மேல் லேசாகத் தொடவிட்டு, கீறல் மட்டும் விழும்படி ஒரு ஓட்டம் விடுங்கள். பத்துப் பிட்சை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 1.5 பிட்சுக்கு 15 மி.மீ. வர வேண்டும். பிட்ச் தவறு என்றால் இங்கேயே தெரிந்துவிடும், மெட்டல் நஷ்டமில்லை.

2. டூலின் வண்டியை லீட் ஸ்க்ரூவோடு பூட்டும் ஹாஃப் நட்டைப் போட்டபின் மரை முடியும்வரை திறக்கக் கூடாது. அதை எப்போது மறுபடி மூடலாம் என்று காட்டும் த்ரெட் டயல் இங்கே பயன்படாது. மில்லிமீட்டர் பிட்சும் இன்ச் லீட் ஸ்க்ரூவும் அதே இடத்தில் மறுபடி சந்திப்பதில்லை. திறந்து மூடினால் அடுத்த ஓட்டத்தில் டூல் வேறு இடத்தில் விழுந்து மரையை அழித்துவிடும்.

3. மரை முடியும் இடத்தில் மெஷினை நிறுத்தி, கிராஸ் ஸ்லைடை வெளியே எடுத்து, மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டி, ஆரம்பத்தைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால் போய் நில்லுங்கள். தாண்டிப் போவது ஆட்டத்தை எடுப்பதற்கு. முடிவில் ஒரு பள்ளம் கடைந்து வைத்திருந்தால் நிறுத்தச் சற்று அவகாசம் கிடைக்கும்.

4. ஆழம், மெட்ரிக் வெளி மரைக்குப் பிட்சில் 0.613 பங்கு. 1.5 பிட்சுக்கு 0.92 மி.மீ., இன்ச் டயலில் 36 தௌ. விட்வொர்த் என்றால் பிட்சில் 0.64 பங்கு. டூலைத் தீட்டும்போது 60-க்கு உள்ளதையும் 55-க்கு உள்ளதையும் மாற்றிப் போடாதீர்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

5. ஆழத்தை நம்பி முடித்துவிடாமல் நட்டையோ கேஜையோ ஏற்றிப் பார்த்து முடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பழைய லேத்துகளில் சக் ஸ்பிண்டிலில் மரை மூலம் திருகி மாட்டப்பட்டிருக்கும். வேகமாகப் பின்னோக்கி ஓட்டினால் சக் கழன்று காலில் விழும். அப்படிப்பட்ட லேத்தில் மிகக் குறைந்த வேகம், முழுதாக நின்ற பிறகே பின்னோட்டம், பின்னோட்டத்தில் வெட்டே கூடாது.

எலக்ட்ரானிக் லீட் ஸ்க்ரூ மாட்டியவர்களுக்கு இந்தக் கியர் கணக்கு முழுவதும் தேவையில்லை. ஸ்பிண்டிலில் என்கோடர், லீட் ஸ்க்ரூவில் ஸ்டெப்பர் மோட்டார். விகிதத்தைக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும்.

படி 5: ஸ்பேனர்

சில அளவுகள் தற்செயலாகப் பொருந்தும். முக்கால் இன்ச் ஸ்பேனர் 19.05, ஆக 19 மி.மீ.க்குத் தாராளமாகப் போடலாம். 5/16-ம் 8 மி.மீ.யும் அப்படியே. ஆனால் அரை இன்ச் அகலமுள்ள போல்ட் தலையில் 13 மி.மீ. ஸ்பேனர் போட்டால் 0.3 மி.மீ. ஆட்டம், இறுகிப்போன போல்ட்டில் மூலை மழுங்குவது நிச்சயம்.

விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருப்பது வாயின் அகலம் இல்லை, போல்ட்டின் விட்டம். ¼ என்று போட்ட ஸ்பேனரின் வாய் 13.3 மி.மீ. இருக்கும். ½ என்றால் 23.4 மி.மீ. பழைய புல்லட் பிரிக்கும் மெக்கானிக்குகள் இதைத் தனிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். சாக்கெட் செட்டில் இன்னொரு வேடிக்கை: சாக்கெட் 10, 12, 14 என்று மில்லிமீட்டரில் இருக்கும், அதை மாட்டும் சதுரம் உலகம் முழுக்க கால், ⅜, அரை இன்ச்தான்.

படி 6: பேரிங், பெல்ட், செயின், டிராபார்

ஷாஃப்ட் 25.4, பேரிங் 25 என்றால் ஷாஃப்டைக் கடைந்து இறக்கலாம், பலம் தாங்கும் என்றால். ஷாஃப்ட் 25, பேரிங் 25.4 என்றால் தகடு சுற்றி அடைக்கும் வேலை வேண்டாம், பேரிங்கை மாற்றுங்கள். பிளம்மர் பிளாக்கில் (ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் கூடு) வரும் யு.சி. பேரிங்குக்கு இரண்டு வகையும் கடையில் கிடைக்கும். யு.சி.205 என்றால் 25 மி.மீ. யு.சி.205-16 என்றால் ஒரு இன்ச். கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் இன்ச்சில் பதினாறில் எத்தனை பங்கு என்பது, யு.சி.206-20 என்றால் ஒன்றேகால் இன்ச். கடையில் கோட்டுக்குப் பின்னால் உள்ளதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

மாவு மில்லில் ஓடும் வி-பெல்ட்டின் பி-52 என்ற எண்ணில் 52 என்பது உள்சுற்று நீளம், இன்ச்சில். எஸ்.பி.ஏ., எஸ்.பி.பி. பெல்ட்டுகளில் நீளம் மில்லிமீட்டரில். பைக் செயின் 428 என்பதன் பிட்ச் அரை இன்ச், 12.7 மி.மீ. இவையெல்லாம் பெயர்கள். மாற்றிக் கணக்கிட்டு 'கிட்டத்தட்ட' வாங்க வேண்டாம்.

டூலைச் செருகும் கூம்பான மோர்ஸ் டேப்பர் எந்த நாட்டு மெஷினிலும் ஒன்றே, அதில் கவலையில்லை. கவலை அதன் பின்புறத்து மரையில். எம்.டி.3 (மூன்றாம் எண் மோர்ஸ் டேப்பர்) ஆர்பரில், அதாவது டூலைப் பிடிக்கும் தண்டில், எம்12-ம் உண்டு, அரை இன்ச்சும் உண்டு. ஐ.எஸ்.ஓ. 40-இல் எம்16-ம் 5/8-ம் உண்டு. ஆர்பர் வாங்கும்போது, அதைப் பின்னாலிருந்து திருகி இழுத்துப் பிடிக்கும் உங்கள் டிராபாரைக் கையோடு எடுத்துப் போங்கள்.

படி 7: பட்டறையை ஒழுங்குபடுத்துவது, செலவு செய்யும் வரிசை

இன்ச் டேப், டை, டிரில் ஒரு இழுப்பறையில், மெட்ரிக் இன்னொன்றில். நிறம் அடித்து வையுங்கள். அடையாளம் தெரியாத போல்ட்டுகளை இரண்டிலும் போடாமல் மூன்றாவது டப்பாவில் போடுங்கள். வாய்மொழியாக 'பாயின்ட் அஞ்சு எடு' என்று சொல்வதை நிறுத்துங்கள். தௌவா, மில்லிமீட்டரா, ஒரு பக்கமா, விட்டத்திலா என்று சேர்த்துச் சொல்லும் பழக்கம் வர வேண்டும். வாடிக்கையாளர் நூல் கணக்கில் சொன்னால், பில்லில் எழுதும்போதே இன்ச்சும் மில்லிமீட்டரும் சேர்த்து எழுதி அவரிடம் காட்டிவிடுங்கள்.

செலவு என்று பார்த்தால் முதலில் இரண்டு பிட்ச் கேஜ் செட். விலை கொஞ்சம், தடுக்கும் நஷ்டம் அதிகம். அடுத்து நல்ல மில்லிமீட்டர் மைக்ரோமீட்டர், 0–25-ம் 25–50-ம். அப்புறம் உங்கள் லேத்தின் பல்லுக்கும் கண்ணுக்கும் (நடு ஓட்டைக்கும்) பொருந்தும் 63 அல்லது 127 கியர். அதற்கப்புறம் டி.ஆர்.ஓ. கிராஸ் ஸ்லைடின் ஸ்க்ரூவையும் நட்டையும் மெட்ரிக்காக மாற்றுவது, இரண்டும் எப்படியும் தேய்ந்து மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால் மட்டும். லீட் ஸ்க்ரூவை மெட்ரிக்காக மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். கியர்பாக்ஸின் உள்ளே உள்ள கியர்கள் அந்த இன்ச் லீட் ஸ்க்ரூவை வைத்தே கணக்கிடப்பட்டவை; அதை மாற்றினால் மூடியில் அடித்திருக்கும் மரை அட்டவணை, த்ரெட் டயல் இரண்டும் பொய்யாகிவிடும்.